இரண்டரை வயதுக் குழந்தையோடு ரியோகானில் தங்கலாமா?

உங்கள் கேள்வியை நான் இப்படிப் புரிந்துகொள்கிறேன். ஏப்ரலில் மனைவி, இரண்டரை வயது மகள், சைவம் மட்டும் உண்ணும் அம்மா ஆகியோருடன் ஜப்பான் போகிறீர்கள். டோக்கியோவுக்கு அருகே வெந்நீர் ஊற்றுகள் நிறைந்த மலைப்பகுதியான ஹகோனேயில் ஓரிரவாவது ரியோகான் எனப்படும் பாரம்பரிய விடுதியில் தங்க ஆசை. "சிறு குழந்தையை அனுமதிப்பார்களா?" என்று கேட்டிருக்கிறீர்கள். ஆனால் நீங்கள் எழுதியதன் பிற்பாதியில்தான் உண்மையான கவலை இருக்கிறது. காகிதக் கதவுகளும் அமைதியும் நிறைந்த இடத்தில் குழந்தை அழுதால், ஓடினால், எதையாவது கிழித்தால் என்ன ஆகும்? அவ்வளவு பணம் கொடுத்தும் உங்களுக்கு ஓய்வு கிடைக்காமல் போய்விடுமா? முதல் கேள்விக்குப் பதில் எளிது. சில விடுதிகள் பள்ளி வயதுக்குக் கீழ்ப்பட்ட குழந்தைகளை ஏற்பதில்லை; அதை முன்பதிவுப் பக்கத்திலேயே சொல்லிவிடுவார்கள். மற்றவை ஏற்கும். இரண்டாவது கேள்விக்குத்தான் நீளமாகப் பதில் சொல்ல வேண்டியிருக்கிறது.

ஹகோனே பகுதியில் ஒரு நடுத்தர ரியோகானின் வரவேற்புப் பிரிவில் ஆறு ஆண்டுகள் வேலை பார்த்தேன். வெளிநாட்டு விருந்தினர்களின் கடிதங்களுக்குப் பதில் எழுதுவதும், அவர்கள் சொன்னதைச் சமையலறைக்கு எடுத்துப் போவதும் என் பொறுப்பு. என் மகனை அவனுடைய எட்டாம் மாதத்திலிருந்து பல விடுதிகளுக்கு அழைத்துப் போயிருக்கிறேன். நான் மருத்துவர் அல்ல; உடல்நலம் சார்ந்த இடங்களில் பொதுவாக அறியப்பட்டதை மட்டும் சொல்கிறேன். ஹொக்கைடோ போன்ற கடுங்குளிர்ப் பகுதிகளில் குழந்தையோடு தங்கிய அனுபவம் எனக்கு இல்லை என்பதால் அவற்றைத் தொடவில்லை.

உள்ளிருந்து பார்த்தவள் என்ற முறையில் ஒன்றை உறுதியாகச் சொல்ல முடியும். ரியோகான் ஊழியர்கள் குழந்தைக்கு அஞ்சுவதில்லை. முன்கூட்டித் தெரியாமல் வந்து நிற்கும் விஷயத்துக்குத்தான் அஞ்சுகிறார்கள். ஹோட்டலில் அறைச்சாவியைக் கொடுத்ததும் வேலை பெரும்பாலும் முடிந்துவிடும். ரியோகான் அப்படியல்ல. மாலை 3 மணிக்கு விருந்தினர் வருவார், 6 மணிக்கு இரவு உணவு, அதற்குள் குளியல், உணவு முடிவதற்குள் படுக்கை விரிப்பு, காலை 8 மணிக்குச் சிற்றுண்டி, 10 மணிக்குப் புறப்பாடு என்று ஒரு கல்யாண வீட்டைப் போல நேரத்தோடு ஓடுகிற இடம் அது. மீனும் காய்கறியும் ஆள் கணக்குப் பார்த்து முன்னதாகவே வாங்கப்பட்டிருக்கும். ஒருமுறை சிறு குழந்தையோடு ஒரு குடும்பம் இரவு 8 மணிக்கு வந்து சேர்ந்தது. ரயிலைத் தவறவிட்டிருந்தார்கள், தொலைபேசியில் சொல்லவும் தெரியவில்லை. சமையலறை மூடியாகிவிட்டது. விடுதியை நடத்தும் ஒகாமி, அதாவது வீட்டுத் தலைவி போன்ற அம்மையார், தாமே சோற்றை உருண்டை பிடித்துக் குழந்தைக்குக் கொடுத்தார். யாரும் கோபப்படவில்லை. ஆனால் அந்தக் குடும்பம் காசு கொடுத்த விருந்தும் போயிற்று, குளியலும் போயிற்று. ஆகவே சரியாக 3 மணிக்கே போய்ச் சேருங்கள். ரியோகானில் நீங்கள் வாங்குவது அந்த மாலைப் பொழுதைத்தான்.

முன்பதிவில் பலரும் தடுக்கி விழுகிற இடம் கட்டணம். ரியோகான் அறைக்கு அல்ல, தலைக்குக் கட்டணம் வாங்கும். இரண்டு வேளை உணவும் அதில் அடக்கம். நடுத்தர விடுதிகளில் பெரியவர் ஒருவருக்கு 15,000 முதல் 30,000 யென் வரை ஆகும் என்று வைத்துக்கொள்ளுங்கள். குழந்தைகளுக்குப் படிநிலைகள் உண்டு. தொடக்கப்பள்ளிச் சிறுவர்களுக்குப் பெரியவர் கட்டணத்தில் 70 விழுக்காடு, உணவும் படுக்கையும் வேண்டும் சிறு குழந்தைக்கு 50, படுக்கை மட்டும் என்றால் 30 என்பது பரவலான வழக்கம். விடுதிக்கு விடுதி மாறும். கடைசிப் படி சோய்னே, பெற்றோரின் படுக்கையிலேயே ஒட்டிப் படுப்பது. இதற்குக் கட்டணம் இருக்காது, அல்லது சிறு தொகை இருக்கும். வெளிநாட்டு முன்பதிவுத் தளங்களில் "குழந்தை இலவசம்" என்று காணப்படுவது பெரும்பாலும் இந்தக் கடைசிப் படிதான். குழந்தைக்குத் தட்டும் வராது, மெத்தையும் வராது என்பது அதன் பொருள். எங்கள் விடுதியில் மாதந்தோறும் ஒரு குடும்பமாவது இதில் ஏமாந்து நின்றது. உங்கள் மகளுக்கு உணவும் படுக்கையும் சேர்ந்த படியையே எடுங்கள்.

அறையைப் பொறுத்தவரை, சிறு குழந்தைக்கு இதைவிட நல்ல அறை கிடையாது என்றே நினைக்கிறேன். தரை முழுதும் தத்தாமி எனப்படும் கோரைப்பாய், விழுந்தாலும் பெரிதாக அடிபடாது. கட்டில் இல்லாததால் உருண்டு விழும் பயம் இல்லை. ஃபுத்தோன் மெத்தைகளை ஒட்டி ஒட்டி விரித்து, நடுவில் குழந்தையைப் போட்டுக்கொள்ளலாம். பாயில் எல்லோரும் வரிசையாகப் படுத்த வீட்டில் வளர்ந்தவர்களுக்கு இதைச் சொல்லித்தர வேண்டியதில்லை. ஜப்பானியர்கள் இதை "ஆறு என்னும் எழுத்தைப் போலப் படுப்பது" என்பார்கள். ஆற்றைக் குறிக்கும் அவர்களுடைய எழுத்து மூன்று செங்குத்துக் கோடுகளால் ஆனது. பெற்றோருக்கு நடுவே பிள்ளை கிடப்பதுபோல் இருக்கும். உங்கள் அம்மாவுக்குத் தரையில் படுப்பதும் எழுவதும் சிரமம் என்றால், கட்டிலும் தத்தாமியும் சேர்ந்த வயோஷித்சு அறையைக் கேளுங்கள். கழிப்பறையும் குளியலறையும் அறைக்குள்ளேயே உள்ளனவா என்பதையும் கேட்டுவிடுங்கள். பழைய விடுதிகள் சிலவற்றில் கழிப்பறை நடைக்கூடத்தில் இருக்கும். இரவில் படுக்கை நனையும் வாய்ப்பு இருந்தால் நீர் புகாத விரிப்பு ஒன்றைக் கொண்டுபோங்கள். சில விடுதிகள் கேட்டால் தரும்.

கிழிசலைப் பற்றி இவ்வளவு பயப்படாதீர்கள். ஷோஜி கதவின் காகிதத்தில் குழந்தை விரலை விட்டு ஓட்டை போடுவது ஜப்பானிய வீடுகளிலும் நடப்பதுதான். ஆண்டு முடிவில் அந்தக் காகிதங்களைப் புதிதாக ஒட்டுவது பழைய வழக்கம். மறைக்காமல் உடனே சொல்லி மன்னிப்புக் கேளுங்கள். சின்னக் கிழிசலுக்கு எங்கள் விடுதியில் யாரிடமும் பணம் வாங்கியதில்லை. படமும் பூச்சாடியும் வைத்திருக்கும் தோகொனோமா மாடம் வேறு விஷயம். அதில் குழந்தை ஏறவே கூடாது. அறைக்குள் நுழைந்ததும் சாடியை எடுத்துச் செல்லும்படி ஊழியரிடம் கேட்டுவிட்டால் இரண்டு தரப்புக்கும் நிம்மதி. எனக்கு உண்மையில் பயம் தருபவை வேறு: எட்டும் உயரத்தில் இருக்கும் தேநீர் மேசையும் வெந்நீர்க் குடுவையும். இரவு உணவில் ஒவ்வொருவர் முன்னும் திட எரிபொருளில் தீ எரியும் சின்ன அடுப்பொன்று வைப்பார்கள். அதைக் குழந்தையின் கைக்கு எட்டாத பக்கம் வைக்கச் சொல்லுங்கள். பழைய விடுதிகளில் தலையணைக்குள் பக்வீட் என்னும் சோபா தானியத்தின் உமி இருப்பதுண்டு. சோபா ஒவ்வாமை சிலருக்குக் கடுமையாக வரக்கூடியது. உங்கள் மகள் அதை இதுவரை தொட்டதே இல்லை என்றால், பஞ்சுத் தலையணை கேட்பது நல்லது.

அடுத்தது வெந்நீர் ஊற்றுக் குளியல். எல்லோருடைய ஆசையும் தயக்கமும் ஓன்செனில்தான். முதலில் உறுதியானவை. பல விடுதிகள் டயப்பர் கட்டும் வயதுக் குழந்தைகளைப் பொதுக் குளத்தில் இறங்க விடுவதில்லை. நீச்சல் டயப்பர் கட்டினாலும் விதி அதுவே. உங்கள் மகள் இன்னும் டயப்பரில் இருந்தால் பொதுக் குளத்தை மறந்துவிடுங்கள். இருந்துவிட்டுப் போகட்டும், அதைவிட நல்ல வழி இருக்கிறது. காஷிகிரி எனப்படும், குடும்பத்துக்கென்று முக்கால் மணி நேரம் போல ஒதுக்கித் தரும் தனிக் குளியல் அறை அது. சில இடங்களில் இலவசம், சில இடங்களில் கட்டணம். அறையோடு சேர்ந்த திறந்தவெளித் தொட்டியும் உண்டு, விலை கூடும். ஆனால் குழந்தையோடு போகிறவர்கள் வேறெதிலாவது மிச்சம் பிடித்து இதில் செலவழிக்கலாம் என்பது என் கருத்து. தனிக் குளியலிலும் விதி அதுதானா என்று கேட்டுக்கொள்ளுங்கள்; பெரும்பாலும் தளர்வாக இருக்கும். தந்தையோடு மகள் ஆண்கள் பக்கம் போகலாமா என்ற கேள்விக்கும் பதில் தெளிவு. 2020 இல் நடுவண் சுகாதார அமைச்சு தன் வழிகாட்டுதலில், எதிர்ப்பாலார் பக்கம் குழந்தையை அழைத்துப் போகக் கூடாத வயதை 10 இலிருந்து 7 ஆகக் குறைத்தது. டோக்கியோ 2022 ஜனவரியில் அதைத் தன் விதியாக்கியது. இரண்டரை வயதுக்கு எங்கும் தடையில்லை.

சர்ச்சைக்குரியவை என்றால் வயதும் நீரின் தன்மையும். எத்தனை மாதத்தில் ஓன்செனில் இறக்கலாம் என்பதற்குச் சட்டம் எதுவும் இல்லை. மருத்துவர்களிடையே மூன்று மாதம், ஆறு மாதம், ஒரு வயது என்று கருத்து மாறும். நீரின் தன்மைக்குச் சற்று உறுதியான பிடி இருக்கிறது. ஜப்பானியச் சட்டப்படி ஒவ்வொரு ஓன்செனும் தன் நீரின் வேதியியலையும், யார் இறங்கக் கூடாது என்பதையும் குளியல் கூடத்தில் எழுதி ஒட்ட வேண்டும். அமிலத் தன்மை கொண்ட நீரும் கந்தக நீரும் தோல் மென்மையானவர்களுக்கு ஏற்றதல்ல என்று அரசு வழிகாட்டுதலே கூறுகிறது. குழந்தை என்று அது தனியாகச் சொல்லவில்லை. ஆனால் குழந்தையின் தோலை மென்மையான தோல் என்று கொள்வதே பாதுகாப்பு. குசாட்சு என்ற புகழ்பெற்ற ஓன்சென் ஊரின் நீரில் அமிலத்தன்மை பி.ஹெச். அளவில் 2க்கு அருகில் இருக்கும். எலுமிச்சைச் சாறு போல. குழந்தைக்கு அது வேண்டாம். ஹகோனேயில் மென்மையான நீரும் உண்டு, அமில நீரும் உண்டு. யுமோத்தோ பகுதியில் பெரும்பாலும் மென்மையான காரத்தன்மை கொண்ட தெளிந்த நீர். மேலே செங்கோகுஹாரா பக்கம் ஓவாகுதானி எரிமலைச் சரிவிலிருந்து வரும் பால் வெள்ளை நீர், அமிலத் தன்மை கொண்டது. முதல் முறைக்கு யுமோத்தோவே நல்லது.

சூடும் கவனிக்க வேண்டியது. பொதுவாகத் தொட்டி நீர் 40 முதல் 42 டிகிரி வரை இருக்கும். குழந்தைக்கு 38 போதும். தனிக் குளியலில் தண்ணீர்க் குழாய் இருந்தால் திறந்து கலந்துகொள்ளலாம், விடுதி அனுமதித்தால். தொட்டிக்கு வெளியே சின்ன முக்காலியில் உட்கார வைத்துச் சோப்புப் போட்டுக் கழுவிய பிறகே இறக்க வேண்டும் என்பது அங்கே எல்லோருக்கும் பொதுவான ஒழுக்கம். என் மகன் மூன்று வயதில் முதல் முறை இறங்கும்போது கதறினான். அன்று அவனை வற்புறுத்தாமல், மரக்கிண்ணத்தால் அவன் காலில் மட்டும் நீர் ஊற்றிக்கொண்டே இருந்தேன். மறுநாள் காலை அவனே இறங்கினான். மூன்று நான்கு நிமிடம் போதும். கன்னம் சிவந்தால் வெளியே எடுங்கள், தண்ணீர் குடிக்கக் கொடுங்கள். தரை வழுக்கும், தொட்டி குழந்தைக்கு ஆழம். ஒருவர் கை எப்போதும் அவள்மேல் இருக்கட்டும்.

சாப்பாட்டுக்கு வருவோம். கைசேக்கி எனப்படும் விருந்து, ஒன்றன்பின் ஒன்றாகத் தட்டுகள் வந்து ஏறத்தாழ இரண்டு மணி நேரம் நீளும். அதில் பலரும் எதிர்பாராத ஒன்று உண்டு: சோறு கடைசியில்தான் வரும், மிசோ என்னும் சோயா விழுதில் செய்த சூப்போடும் ஊறுகாயோடும். சோற்றுக்குப் பழகிய குழந்தை ஒன்றரை மணி நேரம் பச்சை மீனையும் வேகவைத்த முள்ளங்கியையும் பார்த்துக்கொண்டு உட்காராது. இதற்கு ஒரே வாக்கியம் போதும்: "கோஹான் ஓ சாகி னி ஒனேகாய் ஷிமாஸ்", அதாவது சோற்றை முதலில் கொண்டுவாருங்கள். பெரியவர் தட்டுகளையும் இடைவெளி விடாமல் கொண்டுவரச் சொல்லலாம். சமையல்காரருக்கு அது சற்று வருத்தம்தான், ஆனால் செய்வார். குழந்தைக்கான தட்டு ஒரே தடவையாக வந்துவிடும். அதில் மாட்டிறைச்சியோ பன்றியிறைச்சியோ சேர்ந்த ஹம்பர்க் என்னும் கொத்திறைச்சி வடை, பொரித்த இறால், முட்டை ஆகியவை வழக்கம். உங்கள் வீட்டு வழக்கத்துக்கு ஒவ்வாதது எது என்று முன்பே எழுதுங்கள். சின்னக் குழந்தைக்குப் பச்சை மீன் வேண்டாம். ஜப்பானியப் பெற்றோரே இரண்டு மூன்று வயது வரை தள்ளிப்போடுவார்கள். காலைச் சிற்றுண்டியில் பச்சை முட்டை வந்தால் அதையும் ஒதுக்குங்கள். விருந்தே வேண்டாம், குழந்தை கேட்டதை எடுத்துத் தின்னட்டும் என்றால் "பைக்கிங்" உள்ள பெரிய விடுதியை எடுங்கள். பஃபேக்கு ஜப்பானில் அதுதான் பெயர். 1958 இல் டோக்கியோவின் இம்பீரியல் ஹோட்டல் திறந்த இம்பீரியல் வைக்கிங் என்ற உணவகத்திலிருந்து வந்த சொல். இரண்டரை வயதுக்கு அது மிகவும் தோதான ஏற்பாடு.

உங்கள் அம்மாவின் சைவம் மகளின் வயதைவிடக் கடினமான பிரச்சினை. இதை மறைத்துச் சொல்வதில் பயனில்லை. ஜப்பானியச் சமையலின் அடித்தளமான தாஷி சாறு பெரும்பாலும் உலர்த்திய கட்சுவோ மீனில் செய்யப்படுவது. மிசோ சூப்பிலும், வேகவைத்த காய்கறியிலும், தெம்புரா என்னும் பஜ்ஜியின் தொடுசாற்றிலும் அது இருக்கும். "சைவம்" என்று மட்டும் எழுதினால் மீன் துண்டை எடுத்துவிட்டுச் சாற்றை விட்டுவிடுவார்கள். "இறைச்சி, மீன், மீன் தாஷி, முட்டை எதுவும் கூடாது, கடற்பாசியிலும் காளானிலும் செய்த தாஷி சரி" என்று முழுதாக எழுதுங்கள். சில விடுதிகள் ஒத்துக்கொள்ளும்; பல விடுதிகள் பணிவாக மறுக்கும். மறுப்பவர் நேர்மையானவர், வற்புறுத்தாதீர்கள். மறுத்தால் உணவில்லாத சுதோமாரி முறையில் தங்கிவிட்டு வெளியே சாப்பிடலாம். ஒரு தயிர் டப்பா வாங்கிப் போனால், விடுதிச் சோற்றில் பிசைந்து குழந்தைக்கும் பாட்டிக்கும் தயிர்சாதம் ஆகிவிடும். ஜப்பானிய அரிசியின் குழைவுக்கு அது மிக நன்றாக வரும். வெளி உணவைக் கொண்டுவருவதற்கு ஒரு சொல் அனுமதி கேட்டுக்கொள்ளுங்கள்.

முழுச் சைவ விருந்தே வேண்டுமென்றால் கோயாசான் மலையில் ஏறத்தாழ ஐம்பது புத்தக் கோயில்கள் தங்க இடம் தருகின்றன. கூக்காய் என்ற துறவி 816 இல் தொடங்கிய தலம் அது. இறைச்சி, மீன், பூண்டு, வெங்காயம் இல்லாத சோஜின் உணவு கிடைக்கும். அம்மாவுக்கு மிகவும் பிடிக்கும். ஆனால் ஏப்ரலிலும் இரவில் குளிரும், சுவர்கள் மெல்லியவை, அதிகாலையில் வழிபாடு. இரண்டரை வயதோடு முதல் அனுபவமாக அதை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

சத்தத்தைக் குறைக்கச் செய்யக்கூடியது அறைத் தேர்வு. நடைக்கூடத்தின் கடைசியில் இருக்கும் அறை அல்லது தரைத்தள அறை கேளுங்கள். சனிக்கிழமையைத் தவிர்த்து வாரநாளில் போங்கள். விலை குறைவு, பக்கத்து அறை காலியாக இருக்கவும் வாய்ப்பு அதிகம். ஏப்ரல் 29 இல் தொடங்கும் கோல்டன் வீக் விடுமுறைக்குள் கட்டாயம் போகாதீர்கள். குழந்தை இரவில் அழுவதற்கு யோனாக்கி என்று ஜப்பானிய மொழியில் தனிச் சொல்லே இருக்கிறது. அடுத்த அறைக்காரருக்கும் அது தெரியும். பெட்டிகளைக் கூரியரில் அடுத்த ஊருக்கு முன்னதாக அனுப்பிவிட்டு ஒரு கைப்பையோடு மட்டும் வாருங்கள். ஹகோனேயின் மலைப் பேருந்துகளில் வளைவுகள் அதிகம், குழந்தைகள் வாந்தி எடுப்பார்கள். நிலையத்திலிருந்து நடக்கும் தொலைவில் விடுதி இருப்பது அதற்கும் நல்லது. குழந்தை வசதிகளைச் சரிபார்த்து குழந்தை உடை நிறுவனமான மிக்கிஹவுஸின் குழுமம் தரும் "வெல்கம் பேபி" என்ற சான்றும் உண்டு. அது இல்லாத நல்ல விடுதிகளும் நிறைய. நள்ளிரவில் காய்ச்சல் வந்தால் வரவேற்பில் சொல்லுங்கள். #8000 என்ற எண்ணில் குழந்தை மருத்துவ ஆலோசனை கிடைக்கும். அது ஜப்பானிய மொழியில் நடப்பதால் ஊழியரைப் பேசச் சொல்வதே வழி.

முன்பதிவு செய்ததும் விடுதிக்கு அனுப்பும் கடிதத்தில் மகளின் வயதை மட்டும் எழுதி நிறுத்திவிடாதீர்கள். அவளுடைய ஒரு நாள் எப்படிப் போகும் என்று சொல்லுங்கள்: எத்தனை மணிக்குத் தூங்குவாள், டயப்பர் உண்டா, எது சாப்பிடுவாள், எது ஒவ்வாது. அவள் 8 மணிக்குத் தூங்குவாள் என்று தெரிந்தால் உணவை 5.30க்கு வைப்பார்கள், படுக்கையை முன்பே விரிப்பார்கள், குட்டி யுகாத்தா உடையை எடுத்து வைத்திருப்பார்கள். தேதியையும் தேர்ந்த விடுதியின் வகையையும் எழுதினால், அந்தக் கடிதத்தை ஜப்பானிய மொழியில் எழுதித் தருகிறேன்.